ஹோமில் சேர்த்த பிறகு: கையில் ஒரு சோலியோடு போங்கள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் கட்டினவரையோ கட்டினவளையோ முதியோர் ஹோமில் சேர்ப்பவர்கள் யாரும் ஆசைப்பட்டுச் சேர்ப்பதில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருக்கும். இல்லையென்றால் மறதி நோய் முற்றி, ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்திருக்கும். வீட்டில் இருக்கிற இன்னொருவர் தூக்கிப் பிரட்டித் தன் முதுகும் போன பிறகுதான் அந்தப் பேச்சே எழும். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு இடம் பார்ப்பார்கள், பணம் கட்டுவார்கள், ஒரு வாரம் லீவு போட்டு வந்து சேர்த்துவிட்டும் போவார்கள். அதற்கப்புறம் வருகிற மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே போனவருக்கு இடம் பழக வேண்டும், இங்கே இருப்பவருக்கு வீடு பழக வேண்டும். இந்தப் பதிவு வீட்டில் இருக்கிறவருக்கு.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் போகும்போது சும்மா உட்காரப் போகாதீர்கள். கையில் ஒரு சோலி, அதாவது செய்ய ஒரு வேலை, வேண்டும். கட்டிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சாப்ட்டீங்களா, தூங்குனீங்களா, மாத்திரை குடுத்தாவளா" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகும். அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அழுகையும் "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பதும் கிளம்பும். நாற்பது வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள் இல்லையே. ஒருத்தர் பேப்பர் பார்க்க, ஒருத்தர் உள்ளி உரிக்க, இடையில் வந்து விழுந்ததுதான் அவர்கள் பேசிய பேச்செல்லாம். அந்த இருப்பை ஹோமிலும் உண்டாக்க வேண்டும்.

என்ன சோலி என்றால், முதலாவது காலுக்கு எண்ணெய் தேய்ப்பது. தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன் போதும். பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் வேறெந்தக் கேள்வியிலும் தெரியாத விஷயம் கண்ணுக்குத் தெரியும். குதிகால், கணுக்காலின் வெளிப்பக்கம், இடுப்பின் இரண்டு பக்கம், வால் எலும்பு இருக்கிற இடம், முழங்கை எல்லாவற்றையும் பாருங்கள். படுக்கைப் புண் இந்த எலும்பு முனைகளில்தான் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்து மறுபடி நிறம் வர வேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது புண்ணின் முதல் படி. நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். அப்படி இருக்கிற இடத்தில் மட்டும் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே இருக்கிற சதை இன்னும் நையும். உடனே பொறுப்பு சிஸ்டரிடம் காட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பிரட்டிப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். இன்னொன்று: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் எண்ணெயைக் கீழே வைத்துவிடுங்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

படுக்கைப் புண் வராமல் இருக்க ஏர் பெட் (காற்று மெத்தை) போட்டிருந்தால் அதன்மேல் ஒரு மெல்லிய விரிப்புக்கு மேல் எதுவும் கூடாது. ரப்பர் ஷீட், மடித்த போர்வை, "அவுகளுக்கு இதுல படுத்தாதான் தூக்கம் வரும்" என்று கொண்டுபோகிற பத்தமடைப் பாய் எல்லாம் சேர்ந்தால் காற்று மெத்தையின் வேலை கெட்டுவிடும். பாய் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் சாதாரண மெத்தையில் படுப்பவருக்குக் கொண்டுபோங்கள். தரையில் விரிக்காதீர்கள், கால் தடுக்கும்.

சவரம், நகம், தலைவாரல் இவையும் நல்ல சோலிகள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு பிளேடு வேண்டாம், டிரிம்மர் போதும். சர்க்கரை உள்ளவரின் கால் நகத்தை ஓரம் குடைந்து வெட்டக் கூடாது. நேராக வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து விடுங்கள். மறதி நோய்க்காரர் என்றால் அவருக்கே ஒரு சோலி கொடுங்கள். ஒரு கட்டு முருங்கைக் கீரை கொண்டுபோய் முறத்தில் போட்டால், பேர் மறந்துபோனவர்கள்கூட விரலால் இலையை உருவி முடித்துவிடுவார்கள். கலைந்து கிடக்கிற துண்டுகளை மடிப்பது, தினக் காலண்டரில் தாள் கிழிப்பது, பூ கட்டுவது, காசை எண்ணி அடுக்குவது எல்லாம் ஆகும். ஊசி, கத்தி, வாயில் போடக்கூடிய பட்டன் வேண்டாம்.

அடுத்தது நேரம். காலை பத்து முதல் பதினொன்றரை நல்ல நேரம். குளித்து, பலகாரம் சாப்பிட்டு, ஆள் தெளிவாக இருப்பார். காலை எட்டும் ராத்திரி எட்டும் பெரும்பாலான இடங்களில் பணியாளர் மாறுகிற நேரம். அப்போது போய் நின்றால் உங்களுக்குப் பதில் சொல்லவும் ஆள் இருக்காது, அவர்களுக்கும் எரிச்சல். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெளிச்சம் மங்க மங்கப் பதற்றம் ஏறும். அந்த நேரத்தில் போய்விட்டுக் கிளம்பினால், கிளம்புகிற உங்களைப் பார்த்து அந்தப் பதற்றம் இரட்டிப்பாகும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து வருகிறவர்கள் செங்கோட்டை லைன் ரயிலின் நேரத்தை வைத்தோ பஸ்ஸை வைத்தோ காலையிலேயே வந்துபோகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு மணிக்கு நின்று, அடுத்த ஆளும் படுத்துவிடக் கூடாது. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் காசு இல்லை. ஆகவே மாநகருக்குள் இருக்கிற ஆச்சிமாருக்குப் போக்குவரத்துச் செலவு ஒரு சாக்கு இல்லை. தாத்தாமார்தான் காசு எடுத்து வைக்க வேண்டும்.

"முதல் இரண்டு வாரம் வராதீங்க, அப்பதான் பழகுவாரு" என்று சில ஹோம்களில் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். கட்டினவருக்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் வாரம் தினமும், ஒரே நேரத்தில், அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை மட்டும் போவது நல்லது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். ஆறு வாரத்துக்குப் பிறகு வாரம் மூன்று நாள் என்று நிற்கலாம். நாளையும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருநாள் காலை முழுக்க இருந்துவிட்டு நாலு நாள் வராமல் போவதைவிட, செவ்வாய், வியாழன், ஞாயிறு பத்து மணி என்பது படுத்திருப்பவருக்கும் தெரியும், பணியாளருக்கும் தெரியும். அந்த நாளில் குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதுவே ஒரு லாபம்.

இந்த ஆறு வாரத்துக்குள் "பழகலை, திரும்பக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்று முடிவெடுக்காதீர்கள். முதல் மூன்று வாரம் அநேகமாக எல்லோருக்கும் சாப்பாடு குறையும், தூக்கம் மாறும், கோபம் வரும். அதே சமயம் எல்லாவற்றையும் "பழகாததால்" என்று தள்ளிவிடவும் கூடாது. நேற்று வரை ஆளைத் தெரிந்தவர் இன்றைக்கு ஒரேயடியாகக் குழம்பிப் பேசினால், அரைத் தூக்கத்திலேயே கிடந்தால், இல்லாததைப் பார்த்துப் பேசினால், மறதி நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் வருகிற குழப்பத்துக்குப் பின்னால் பெரும்பாலும் மூத்திரத் தாரையில் கிருமி, நெஞ்சுச் சளி, மூன்று நாளாக வெளிக்குப் போகாமை, மூத்திரம் அடைத்துக்கொள்வது, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, உடம்பில் தண்ணீர் வற்றுவது இவற்றில் ஒன்று இருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் உப்புச் சத்துப் பரிசோதனையும் கேளுங்கள். இதயம், கிட்னி காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் தவிர, 200 மில்லி தம்ளரில் நாளைக்கு ஆறேழு தம்ளர் உள்ளே போக வேண்டும். மாதம் ஒருதரம் எடை போடச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால், அதாவது 60 கிலோ ஆள் 57க்கு வந்தால், டாக்டர் பார்த்தாக வேண்டும்.

"வீட்டுக்குப் போணும்" என்பதற்கு வருவோம். எல்லோரையும் உடைத்துவிடுகிற வாக்கியம் அதுதான். "இதான் இனிமே உங்க வீடு" என்று பதில் சொல்லாதீர்கள். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றும் சொல்லாதீர்கள். நினைவு தெளிவாக உள்ளவர் அந்த நாளையைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார், மறுநாள் உங்கள் பேச்சில் நம்பிக்கை போய்விடும். தெளிவாக உள்ளவரிடம் உள்ளதைச் சொல்லலாம்: "ஒத்தையில தூக்க எனக்குப் பெலன் இல்ல, நான் விழுந்தா ரெண்டு பேரும் கிடக்கணும்." மறதி நோய்க்காரரிடம் எந்த வீடு என்று விசாரியுங்கள். பல சமயம் அது நீங்கள் குடியிருக்கிற வீடாகவே இருக்காது. பிறந்த ஊரில் அம்மா இருந்த வீடாக இருக்கும். அந்த ஆசைக்கு அடியில் ஒரு கவலை கிடக்கும்: மாடு கத்துதே, வயலுக்குத் தண்ணி பாயணுமே, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துருமே. அந்தக் கவலைக்குப் பதில் சொல்லுங்கள். ஐப்பசியில், பிசான நெல் போட்டுப் பழகிய விவசாயிக்கு, "பிசானத்துக்குத் தண்ணி தொறந்துட்டாவ, நாத்துப் பாவியாச்சு" என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். ஆனி ஆடியில் கார் நெல் நடுவையைப் பேசலாம். ஆசிரியராக இருந்தவருக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தியாச்சு. பொய்தானே என்று உறுத்துகிறவர்களுக்கு: அவர் கேட்பது தகவல் இல்லை, கவலை தீர்கிறதா என்பதைத்தான். தர்க்கம் பண்ணி ஜெயித்து என்ன ஆகப் போகிறது?

கிளம்புவதற்கும் ஒரு முறை உண்டு. பையையும் செருப்பையும் அறைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். பை எடுக்கிற சத்தத்திலேயே ஆள் கலங்குவார். மதியச் சாப்பாடோ டீயோ வருகிற நேரத்துக்குக் கிளம்புவதை வைத்துக்கொண்டால், கை வேலையாக இருக்கும். "போயிட்டு வாரேன், வியாழக்கிழமை பத்து மணிக்கு" என்று ஒருதரம் சொல்லிவிட்டு நடந்துவிட வேண்டும். வாசலில் நின்று நாலுதரம் திரும்பிப் பார்ப்பது, மறுபடி வந்து தலையைத் தடவுவது, சொல்லாமல் பின்பக்கமாக நழுவுவது மூன்றும் வேண்டாம். நழுவினால் அடுத்த தடவை கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அழுகை வந்தால் வெளியே வந்து அழுங்கள், யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

சாப்பாட்டில் நம் ஊர்க்காரர்கள் செய்கிற தவறு நிறைய. பார்க்கப் போகும்போது கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போவது கை தானாகச் செய்கிற காரியம். விழுங்குவதில் கஷ்டம் உள்ளவருக்கு அல்வா தொண்டையில் ஒட்டும், பல்செட்டையும் கழற்றிவிடும். முறுக்கு, முந்திரிக்கொத்து, பொங்கலுக்குப் பனங்கிழங்கு எல்லாம் அதே கதை. பனங்கிழங்கு ஆசை என்றால் நாரை உருவி, உப்பும் மிளகும் பூண்டும் சேர்த்து இடித்துக் கொஞ்சம் கொடுக்கலாம், அதுவும் நன்றாக விழுங்குகிறவருக்குத்தான். பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீரும் கட்டியும் கலந்த சாப்பாடுதான் பெரிய ஆபத்து. ரசத்தில் மிதக்கிற சோறு, காய்த் துண்டு கிடக்கிற சொதி இவற்றில் நீர் முதலில் ஓடிப் புரையேறும், சோறு வாயிலேயே நிற்கும். சொதியில் உருளைக்கிழங்கையும் பருப்பையும் மசித்து, சோற்றைக் குழைய வைத்து ஒரே பதமாகப் பிசைந்து கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, டீ ஸ்பூனால் நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஊட்டுங்கள். விழுங்கின பிறகு அடுத்த வாய். முடிந்ததும் விழுந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரவென்று வருவது இரண்டும் மூச்சுக்குழாய்க்குள் உணவு இறங்குவதன் அடையாளம். சளிக்காய்ச்சல் வருகிற வரை காத்திருக்க வேண்டாம்.

கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்று ஒரு நம்பிக்கை இங்கே அசைக்க முடியாமல் இருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான். கருப்பட்டிக் காப்பி இரண்டு வேளை கொடுத்துவிட்டு, இன்சுலின் ஏன் கேட்கவில்லை என்று ஹோமில் சண்டை போடக் கூடாது. கிட்னி குறைந்தவருக்கு இளநீரும் வாழைப்பழமும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். என்ன கொண்டுபோனாலும் கொடுப்பதற்கு முன் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் கொடுக்காதீர்கள். அவருக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியாது.

சேர்த்த வாரமே எழுதிக் கொடுக்க வேண்டியவை உண்டு. ஒரு முழுத் தாளில் பெரிய எழுத்தில் கட்டிலுக்கு மேல் ஒட்டுகிற மாதிரி: என்ன சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் என்பது முதலில். வாத்தியாராக இருந்தவரை "தாத்தா" என்றால் கோபம் வரும், "சார்" என்றால் எழுந்து உட்காருவார். கடை வைத்திருந்தவருக்கு "அண்ணாச்சி". அப்புறம், எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், வெந்நீரா பச்சைத் தண்ணியா, காப்பிக்கு இனிப்பு எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை எழுவார், எதற்குப் பயப்படுவார், பேச்சுக் கொடுக்க என்ன விஷயம். இதை எழுத உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது. பிள்ளைகளுக்குப் பாதி தெரியாது.

மருந்துச் சீட்டு தனி. பேர், மில்லிகிராம், மணி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சேர்ந்த மாத்திரை என்றால், அது சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் பின்போ, சொன்ன நிமிஷத்துக்குப் போக வேண்டும். "எல்லாருக்கும் ஒம்போது மணிக்கு" என்கிற வரிசையில் அதைச் சேர்த்தால் ஆள் கட்டைபோல் இறுகிவிடுவார். அவருக்கு வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடும், ராத்திரிக் கத்தலுக்கு ஹாலோபெரிடாலும் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதுங்கள். நடு ராத்திரியில் வருகிற டாக்டருக்கு நோய்க்கதை தெரியாது. 30/70 கலவை இன்சுலின் போடுகிறவருக்கு ஊசி போட்டு அரை மணியில் சாப்பாடு கைக்கு வர வேண்டும். ஊசி ஏழு மணிக்கு, இட்லி எட்டரைக்கு என்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அங்கே பலகாரம் எத்தனை மணிக்கு என்று நீங்களே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

துணிமணியில் பேனா அடையாளம் இரண்டு சலவையில் போய்விடும். காலர் உள்பக்கமும் உள்பாவாடை நாடாப் பட்டியிலும் கலர் நூலால் எழுத்து தைத்துவிடுங்கள். நாளைக்கு இரண்டு செட் வீதம் ஆறு செட் வேண்டும், முன்பக்கம் திறக்கிற நைட்டியும் சட்டையும் பணியாளருக்கும் லேசு. பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றும்தான் அதிகம் காணாமல் போகிறவை. பல்செட் சோற்றுத் தட்டோடு போய்விடும், தலையணை உறையோடு சலவைக்குப் போகும். பேர் எழுதிய டப்பா ஒன்று, ராத்திரி அதில்தான் என்று வழக்கமாக்குங்கள். டயபர் நாளைக்கு நாலு என்று வைத்தால் மாதத்துக்கு 120, பத்து உள்ள பாக்கெட் பன்னிரண்டு. மொத்தமாக வாங்கிக் கொடுத்து, முதல் மாதம் எத்தனை தீர்ந்தது என்று பாருங்கள். பாதிதான் தீர்ந்திருந்தால் நேரத்துக்கு மாற்றவில்லை என்று அர்த்தம். அதிகம் தீர்ந்திருந்தால் வேறு யாருக்காவது போகிறதா என்று பாருங்கள். நகை வேண்டாம். தாலிக்கொடியைக் கழற்றுவது மனசுக்குக் கஷ்டம்தான், மஞ்சள் கயிறு மாற்றிவிடலாம். கை கால் வீங்குகிறவருக்கு மிஞ்சியையும் மோதிரத்தையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

குறை சொல்வதற்குப் பணியாளரை அறையில் வைத்துக் கத்த வேண்டாம். நீங்கள் போன பிறகு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்கள் ஆளைத் தூக்கப் போகிறவர் அவர். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பொறுப்பாளரிடம் ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். தனியாக ஒருத்தர் கையில் பணம் திணிப்பதைவிட, மாதம் ஒருதரம் எல்லோருக்குமாக வடை வாங்கிக்கொண்டு போவது நல்ல பலன் தரும். அடி, திட்டு, கட்டிப்போடுவது என்றால் இந்த நாசூக்கெல்லாம் வேண்டாம். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் நேரடியாகவும் மனு கொடுக்கலாம்.

ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டாலும் நாலு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற நாட்களுக்குக் கட்டில் வாடகை உண்டா? திடீரென்று முடியாமல் போனால் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா, யார் முடிவு செய்வது? அட்மிட் ஆனால் கூட இருக்க ஹோமிலிருந்து ஆள் வருவாரா? பெரும்பாலும் வரமாட்டார்கள். அதனால் முதல் இரண்டு ராத்திரிக்கு யார் என்பதை மச்சினனிடமோ மருமகனிடமோ இப்போதே பேசி வையுங்கள், எழுபது வயதில் நீங்கள் வார்டு பெஞ்சில் படுக்க முடியாது. நாலாவது, இறப்பு அங்கேயே நடந்தால் டாக்டர் சான்று யார் தருவார்? இறப்பைப் பதிவு செய்ய வேண்டியது இறந்த இடத்தின் உள்ளாட்சியில், 21 நாளுக்குள். ஹோம் பாளையங்கோட்டையில் என்றால் மாநகராட்சி. சொந்த ஊர்ப் பஞ்சாயத்தில் அலைந்து பிரயோஜனம் இல்லை.

பென்ஷன் அவர் பேரில் வந்தால், மத்திய அரசுக்காரருக்கு நவம்பரில் உயிர்ச்சான்று. 80 வயது தாண்டியவர் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ஆளை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. முகத்தைக் காட்டி மொபைலிலேயே எடுக்கலாம், போஸ்ட்மேனும் இடத்துக்கு வந்து எடுத்துத் தருவார். வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி இருவரில் யாரும் எடுக்கலாம் என்கிற முறைக்கு, அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே மாற்றுங்கள். பவர் பத்திரத்தை நம்பி இருக்காதீர்கள், எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தித் தெளிவு போய்விட்டால் சட்டப்படி அது செல்லாது. கை மட்டும் முடியாமல் போனவர் என்றால் சாட்சி இருவர் வைத்துப் பெருவிரல் ரேகை வைக்கலாம், சாட்சியில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

இனி வீட்டில் இருக்கிற உங்கள் உடம்பு. வருஷக்கணக்கில் ராத்திரி மூன்று தரம் எழுந்து பழகியவருக்கு, எழுப்ப ஆள் இல்லாத வீட்டிலும் அந்த மணிக்கு முழிப்பு வரும். பல வாரம் அப்படித்தான் இருக்கும். தூக்க மாத்திரையில் போய் விழாதீர்கள். மதியத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்தி, காலையில் வெயில் ஏறுமுன் நடந்தால் மெல்ல மாறும். அவருக்காகத் தள்ளிப் போட்ட உங்கள் வைத்தியங்களை இப்போது எடுங்கள். கண்புரை, பல், முழங்கால், மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் அலைய முடியாது என்பதால், ஆறு வாரம் கழித்து, அங்கே அவர் நிலைத்த பிறகு வைத்துக்கொள்வது தோது. பி.பி., சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும், பகுதிச் சுகாதார நிலையத்தில் பேரைப் பதிந்துவிடுங்கள்.

தனியாக இருக்கும் ஆண்கள் டீயும் பிஸ்கட்டுமாக இளைத்துப்போவார்கள், பெண்கள் "ஒத்தைக்கு என்ன உலை வைக்க" என்று பழையதிலேயே நாளை ஓட்டுவார்கள். ஒரு உழக்கு அரிசியில் சோறு, ஒரு கூட்டு, இதை விடாதீர்கள். ஹோமுக்குப் போகிற நாளில் அங்கேயே காசு கட்டிச் சேர்ந்து சாப்பிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது வருத்தம் என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது. 14416 என்கிற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். ஹைகிரவுண்டில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

ஊர் வாய் இருக்கிறதே. "கட்டினவள ஹோம்ல கொண்டு தள்ளிட்டானாம்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கத்தான் செய்யும். விளக்கம் சொல்லப் போனால் விடிய விடிய சொல்ல வேண்டும். "செவ்வாயும் வியாழனும் போறேன் மயினி, நீங்களும் ஒருநா வாங்க, கஞ்சி ஊட்டணும்" என்று சோலியைச் சொல்லிவிட்டால் முக்கால்வாசிப் பேர் அத்தோடு நிறுத்துவார்கள். மீதிப் பேர் நிஜமாகவே வருவார்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, "நானும் அங்கனயே போய் இருந்துக்கிடுதேன்" என்று யோசிப்பவர்களுக்கு. தம்பதி அறை உள்ள இடங்களில் அது நடக்கும். ஆனால் ஒன்று நடந்துவிடும்: ஹோம் பணியாளர் மெல்லக் கையை எடுத்துக்கொள்ள, முடிகிற ஆள் மறுபடி முழுநேர ஆயாவாகிவிடுவார், அதுவும் காசு கட்டி. குளிப்பாட்டுவது, கக்கூஸுக்குத் தூக்குவது, ராத்திரிப் பிரட்டுவது மூன்றும் அவர்கள் வேலை என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெய், தலை, பேப்பர், ஒரு வேளைச் சாப்பாடு உங்களுடையது. கட்டில் தனித்தனியாக இருக்கட்டும். அவருக்கு ராத்திரிக் கத்தல் உண்டு என்றால் உங்களுக்குத் தூங்க வேறு அறை கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுமுன் கேளுங்கள். ஊர் வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு வாடகைக்கு விடாதீர்கள்.